மழைக்காலத்துக்கு ஒரு பானை: மரக்காணம் கரையில் உப்பும் கருவாடும்

நம்ம கரையில் பசி எப்போது வரும் என்று காலண்டரைப் பார்த்தே சொல்லிவிடலாம். தை, மாசியில் அளத்தைத் திருத்தி, பாத்தி மிதித்து, பங்குனி தொடங்கி வெயில் ஏற ஏற உப்பு வாருகிறோம். புரட்டாசி வரைக்கும் கூலி உண்டு. ஐப்பசியில் மழை இறங்கினால் பாத்தியில் விளைந்தது கரைந்துபோகும், வேலையும் நின்றுபோகும். மேட்டில் குவித்துக் கீற்று போட்டு மூடிய அம்பாரம் மட்டும் நிற்கும், அது முதலாளியுடையது. இதே ஐப்பசி, கார்த்திகையில்தான் கடலும் சீறும். குப்பத்துப் படகுகள் மணலில் ஏறி உட்கார்ந்துவிடும். அளத்துக்குப் போகிற வீடும் கடலுக்குப் போகிற வீடும் ஒரே நேரத்தில் கூலி இல்லாமல் இருக்க வேண்டிய இரண்டு மூன்று மாதம் வருஷா வருஷம் வருகிறது. புயல் வந்தால் அது அதற்கு மேலே.

பேரிடர் என்றால் இன்றைக்கு எல்லோரும் புயலையும் சுனாமியையும் சொல்கிறோம். நம்ம ஆயாக்களுக்கு அந்த மழை மாதங்களே பேரிடர்தான். அதற்கு அவங்க வைத்திருந்த ஏற்பாடு அடுப்படி மூலையில் வரிசையாக நின்ற பானையும் ஜாடியும். கருவாடு, வற்றல், வடவம், உப்புப் புளி, ஊறுகாய். இப்போது இதையெல்லாம் 'தொட்டுக்க' என்று சின்னதாகச் சொல்லிவிடுகிறோம். மலருக்குக் கட்டுரை கேட்டபோது இந்தப் பானைகளின் வரலாற்றை எழுதலாம் என்று நினைத்தேன். எழுத உட்கார்ந்தால் அது உப்பின் வரலாறாகவும் ஆகிவிட்டது. யார் உப்பைத் தொடலாம், யார் தொடக்கூடாது என்ற வரலாறு.

முதலில் பழைய காலம். சங்க நூல்களில் சிறுபாணாற்றுப்படை என்று ஒன்று உண்டு. அதைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். நமக்கு வடக்கே பக்கத்து நாடு. பாடப்பட்டவன் ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடன். திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில் அவன் ஊர். அந்த நூலில் வரும் எயிற்பட்டினம்தான் நம்ம மரக்காணம் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். பசியோடு நடந்து வரும் பாணர் குடும்பத்துக்கு அந்தப் பட்டினத்துக் கடற்கரை வீடுகளில் என்ன கிடைக்கும்? வீட்டுப் பெண் வடித்த பழைய கள்ளும், உலர்ந்த குழல் மீனைச் சுட்டதும் கிடைக்கும் என்கிறார் புலவர். சுட்ட கருவாடுதான், வேறென்ன! சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நிற்கிற கூட்டத்துக்கு எடுத்துப் போட அன்றைக்கே வீட்டில் இருப்பு இருந்திருக்கிறது என்று நான் அதைப் படித்துக்கொள்கிறேன்.

அதே சங்கப் பாட்டுகளில் உமணர் என்று உப்பு வணிகர்கள் வருகிறார்கள். வண்டியில் உப்பேற்றி உள்நாட்டுக்குப் போய் நெல்லுக்கு மாற்றினவர்கள். உமணர் வீட்டுப் பெண் தெருவில் நின்று உப்பு விலை கூறுவதை அகநானூறு காட்டுகிறது. நெல்லும் உப்பும் சரிக்குச் சரி என்கிற அளவுக்கு உப்புக்கு மதிப்பு. இந்தப் பண்டமாற்று ரொம்ப காலம் நின்றுபோகவே இல்லை. கூடையில் கருவாட்டை அடுக்கித் தலையில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்கு நடந்து போய், அறுப்புக் காலத்தில் நெல், கேழ்வரகு, புளி என்று வாங்கி வந்த பெண்களை நம்ம மூத்த உறுப்பினர்கள் பலர் கண்ணால் பார்த்திருக்காங்க. சிலர் தாங்களே போயிருக்காங்க. காசு கைமாறாத வியாபாரம். கடற்கரை வீட்டுப் பானையில் நெல் நின்றதும், உள்நாட்டு வீட்டுப் பானையில் கருவாடு நின்றதும் இந்தப் பெண்களின் கால் நடையால்தான்.

இனி பானை எப்படி நிறைந்தது என்று பார்ப்போம். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். கொட்டை எடுத்து, கல்லுப்பு தூவி, அழுத்தி உருட்டிப் பானையில் போட்டு வேடு கட்டினால் வருஷம் தாண்டியும் கெடாது. கறுத்துப் போகும், புளிப்பு குறையாது. சித்திரையில் மாங்காய்: வடு உப்பில் ஊறும், காய் கீறி வற்றலாகும். அதே வெயிலில் வடவம். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம் எல்லாம் இடித்துப் பிசைந்து, ராத்திரி பானையில் ஊறவிட்டு, பகலில் உருண்டை பிடித்துக் காயவைத்து, கடைசியில் விளக்கெண்ணெய் தடவி எடுத்து வைப்பார்கள். பத்து நாளுக்குக் குறையாத வேலை. ஆனால் கார்த்திகை மழையில் வீட்டில் ஒரு வெங்காயம் இல்லாவிட்டாலும், இந்த உருண்டையில் ஒரு கிள்ளு எண்ணெயில் பொரிந்தால் வெறும் புளித்தண்ணி குழம்பாகிவிடும். சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை, கத்தரி எல்லாம் வற்றலாகும். மோரில் ஊறின மிளகாய். ஆடு வெட்டின வீட்டில் மஞ்சளும் உப்பும் தடவிக் கயிற்றில் கோத்த உப்புக்கண்டம்.

கருவாட்டில் ஒவ்வொரு மீனுக்கும் ஒரு வழி. நெத்திலிக்கும் சென்னாக்கூனிக்கும் உப்பே வேண்டாம், நல்ல வெயில் இரண்டு நாள் போதும். உடம்பு மெலிசு, ஈரம் சீக்கிரம் ஓடிவிடும். வாளை, சுறா, காரை, பெரிய மீன் எதுவானாலும் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, பிளந்து, மூன்று நாலு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்று அடுக்கடுக்காகப் பானையில் போடணும். உப்பு மீனுக்குள்ளே இருக்கிற தண்ணியை இழுத்து வெளியே தள்ளும். அழுக வைக்கிற கிருமிக்கு உயிர் வாழத் தண்ணி வேணும். தண்ணி இல்லாத இடத்தில் அதற்கு வேலை இல்லை. அவ்வளவுதான் இதில் உள்ள விஞ்ஞானம். ராத்திரி ஒன்று, இரண்டு ஊறின பிறகு அந்த உப்புத்தண்ணியிலேயே அலசிக் காயப்போடுவார்கள்.

இதில் ஒரு நுணுக்கம். கருவாட்டுக்கும் ஊறுகாய்க்கும் அன்று வாரின உப்பைப் போடமாட்டார்கள், போன வருஷத்துப் பழைய உப்பைத்தான் தேடுவார்கள். புது உப்பில் கசப்பு இருக்கும், காற்றில் உள்ள ஈரத்தையும் உறிஞ்சிக் கசியும். மெக்னீசியம் கலந்திருப்பதால்தான் அப்படி என்று இப்போது புத்தகத்தில் போட்டிருக்கிறது. குவியல் நாள்பட நாள்பட அந்தக் கசப்புத் தண்ணி வடிந்துபோகும். வேதியியல் படிக்காத பெண்கள் நாக்கில் வைத்தே இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

சரி, உப்பு நம்ம வாசலிலேயே விளையுது, கடலில் மீன் இருக்கு, வெயிலுக்கும் பஞ்சமில்லை. பானை எப்போதும் நிறைந்திருக்கத்தானே வேணும்? அப்படி இருக்கவில்லை.

1805-ல் மதராஸ் மாகாணத்தில் உப்பு கும்பினியின் தனியுரிமை ஆனது. விளைகிற உப்பு முழுவதும் அரசாங்கத்துக்கு. அவர்கள் வைக்கிற விலைதான் விலை. பிறகு வரியாக வசூலித்தார்கள். தானாகப் பூத்துக் கிடக்கிற உப்பைக் கையால் வாரினாலும் குற்றம். உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சினாலும் குற்றம். அளத்தில் கால் வெடிக்க நின்றவள் ஒரு பிடி மடியில் கட்டிக்கொண்டு போனால் அவள் திருடி. உப்பு விளைகிற ஊரில் உப்புக்குப் பஞ்சம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதனால் கருவாட்டுக்கு என்ன ஆனது என்பதற்கு அரசாங்கத்தின் ஆளே சாட்சி. பிரான்சிஸ் டே என்கிற மீன் ஆராய்ச்சியாளர் இந்தியாவின் கடல் மீன்களைப் பற்றி 1873-ல் ஓர் அறிக்கை கொடுத்தார். வரி போட்ட உப்பை வாங்க முடியாத ஏழைகள் உவர்மண்ணைத் தடவி மீனைக் காயவைக்கிறார்கள், பல இடங்களில் நன்றாக உப்பிடவே முடியவில்லை என்பது அதில் வருகிறது. சரியாக உப்பேறாத கருவாடு புழு வைக்கும். அதைத் தின்றவர் வயிறு கெடும். வரியின் கணக்கு கஜானாவில் தெரியும். அந்த வயிற்றுவலியின் கணக்கை எந்த ஏட்டில் எழுதினார்கள்?

மூன்று வருஷத்தில் பஞ்சம் வந்தது. 1876-ல் மழை பொய்த்துத் தொடங்கி 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தை நம்ம ஜனங்கள் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். மதராஸ் மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். செலவைக் குறைக்க வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலைக்கு வருகிற ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கையில் கொஞ்சம் காசு என்று 1877 தொடக்கத்தில் கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது 450 கிராம். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. மாகாணத்துச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்து எழுதினார். வெறும் தானியத்தைத் தின்று மண் சுமக்க முடியாது, பருப்பும் காய்கறியும் வேண்டும் என்பது அவர் வாதம். சில மாதம் கழித்துத்தான் அளவைக் கூட்டினார்கள்.

இந்த இடத்தில்தான் நம்ம பானையின் அருமை எனக்கு விளங்கியது. கஞ்சித் தொட்டியில் கிடைப்பது எப்போதும் தானியம். அன்றும் அப்படி, இன்றைக்கு நிவாரணப் பையிலும் முதலில் இருப்பது அரிசி. கஞ்சியோடு சேர வேண்டிய மற்றதெல்லாம், அதாவது புரதம், புளிப்பு, உப்பு, உறைப்பு, அந்தப் பானைகளில் இருந்தது. ஒரு கை நெத்திலி பிள்ளைக்குச் சதை பிடிக்க வைக்கும். ருசி இருந்தால்தான் காய்ச்சல்காரரும் ரெண்டு மடக்கு கஞ்சி கூடக் குடிப்பார்.

பஞ்சம் முடிவதற்குள்ளேயே இன்னொரு அடி விழுந்தது. 1878-ல் மதராஸ் மாகாணத்து உப்பு வரி, சுமார் 37 கிலோ கொண்ட பெரிய மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக ஏறியது. பட்டினி கிடந்தவர்கள் தலையில் உப்பு வரி! அந்தப் பஞ்சத்தின் தழும்பு ஒன்று நம்ம ஊர் வரைக்கும் நீண்டு கிடக்கிறது. பக்கிங்காம் கால்வாய் தெற்கே வந்து முடிவது மரக்காணத்தில்தான். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற பகுதி இந்தப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு நின்றுவிட்டது. மண் சுமந்த பெண்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. பிற்காலத்தில் அந்தக் கால்வாயில்தான் படகு படகாக உப்பும் விறகும் சென்னைக்குப் போயின.

கருவாட்டுப் பிரச்சினைக்கு அரசாங்கம் ஒரு வழி கண்டுபிடித்தது. கரையோரங்களில் வேலி அடைத்த முற்றங்களை அமைத்து, அதற்குள்ளே மீன் உப்பிடுகிறவர்களுக்கு மட்டும் வரியில்லாமல் அடக்க விலைக்கு உப்பு கொடுத்தார்கள். 1880-களில் கிழக்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் இவை பெருகின. நல்ல காரியம்தான், கருவாட்டுத் தரம் ஏறியது. ஆனால் உப்பை வேலிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. வியாபாரிக்கு அது தோதுப்பட்டது. மழைக்காலத்துக்கு வீட்டுப் பானையில் நாலு மீன் போட நினைத்தவளுக்கு அதனால் பெரிய பிரயோசனம் இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

நம்ம கூட்டமைப்பு தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பெயர் இங்கே வருகிறது: சர் பிரெடரிக் நிக்கல்சன். ஏழைகள் கந்துவட்டியில் மாட்டாமல் தாங்களே சேர்ந்து சேமித்துக் கடன் கொடுத்துக்கொள்ளலாம் என்று 1890-களில் மதராஸ் அரசாங்கத்துக்குப் பெரிய அறிக்கை எழுதினவர். இந்தியாவின் கூட்டுறவு இயக்கத்துக்கே அது ஒரு தொடக்கம். அதே மனிதர்தான் 1907-ல் அமைந்த மதராஸ் மீன்வளத் துறைக்கும் காரணமானவர், மீனை எப்படிச் சுத்தமாக உப்பிட்டுக் காயவைப்பது என்று சோதனை செய்து பார்த்தவர். சேமிப்புப் புத்தகமும் கருவாட்டுப் பானையும் ஒரே ஆளின் தலைக்குள் இருந்திருக்கிறது! ஏன் இருக்காது, ரெண்டும் சேமிப்புதானே.

1930-ல் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஏப்ரல் 13-ந் தேதி திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் புறப்பட்ட படை மாதக் கடைசியில் வேதாரண்யத்தில் உப்பு எடுத்தது. அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போன ருக்மணி லட்சுமிபதியை மறக்கக் கூடாது. பள்ளிப் பாடத்தில் யாத்திரையோடு நிறுத்திவிடுகிறார்கள். நமக்கு முக்கியமானது அதற்கு அடுத்த வருஷம். 1931 மார்ச்சில் காந்தி-இர்வின் ஒப்பந்தம். உப்பு விளைகிற இடங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற கிராமத்தார் தங்கள் வீட்டுக்கும் தங்கள் ஊருக்குள் விற்கவும் உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் ஒரு சரத்து. நூற்றிருபது வருஷத்துக்கு மேல் கழித்து, பிடி உப்பை மடியில் கட்டினவள் திருடி இல்லை என்றானது. வரி மொத்தமாகப் போனது 1947-ல்.

பானையோடு சேர்ந்த இன்னொரு பழக்கம் பிடி அரிசி. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடுவது. வீட்டு ஆம்பளைக்குத் தெரியாத சேமிப்பு அது. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ல் அமைந்தது. 1989-ல் சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. அப்போது 'சேமிப்பு' என்ற சொல் நமக்குப் புதுசாக இல்லாததற்கு அந்தக் கலயமும் ஒரு காரணம். அரிசிக்குப் பதில் காசு போட்டோம், அவ்வளவுதான்.

இப்போது நம்ம காலத்துக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமி. 2011 டிசம்பர் 30 தானே. 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் நம்ம மரக்காணம் பக்கத்திலேயே கரை ஏறியது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை ஏறி, மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. கொட்டித் தீர்த்தது. ஒவ்வொரு தடவையும் முதலில் போவது கரண்ட். ஃப்ரிட்ஜில் வைத்த மீனும் மாவும் இரண்டாம் நாள் நாறும். பானையில் இருக்கிறது நாறாது. ஆனால் எல்லாவற்றையும் பானை தாங்கிவிடும் என்றும் சொல்லமாட்டேன். வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து பானைக்குள் தண்ணி ஏறினால் அதை அப்படியே கொட்டிவிட வேண்டியதுதான், பாவம் பார்க்கக் கூடாது. அதனால்தான் பழைய வீடுகளில் இதெல்லாம் தரையில் இருக்காது. உறியிலோ பரணிலோ இருக்கும். இப்போது மூடி இறுகின எவர்சில்வர் தூக்கு இருக்கிறது, முகாமுக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போகலாம். சமைக்காமல் தின்னக்கூடியதும் ஒன்று வேணும்: அவல், பொரி, வறுத்த கடலை, கருப்பட்டி. முகாமில் முதல் ராத்திரி பிள்ளைகள் கேட்பது அதைத்தான்.

வேறு ஒன்றையும் சொல்லியாகணும். பானை ஏன் காலியாகிக்கொண்டு வருகிறது? சோம்பேறித்தனம் என்று சில பெரியவங்க சொல்லுவாங்க. எனக்கு அது ஒப்பாது. காலையில் இருட்டோடு அளத்துக்குப் போய் வெயில் ஏறினதும் திரும்புகிறவள், வடவத்துக்குப் பத்து நாள் வெயில் காக்க முடியுமா? காயப்போட்ட இடம் எங்கே? கடல் கரையைத் தின்றுகொண்டு வருகிறது, மிச்ச மணலில் பாதிக்குக் கல்லும் வேலியும். நெத்திலி கிலோ என்ன விலை விற்கிறது என்று உங்களுக்குத் தெரியும். முன்பு மலிந்த நாளில் விற்க முடியாத மீன் கருவாடானது. இப்போது மலிந்த மீனைக் கோழித்தீவன ஆலைக்கு லாரி வந்து அள்ளிப் போகிறது. மழை மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அது வரணும், பட்டியலில் விட்டுப்போன பெண்கள் பெயரும் ஏறணும். பானை இருக்கிறதே என்று அதை யாரும் குறைக்கச் சொல்லக் கூடாது. தாது வருஷத்தில் கூலியைக் குறைத்தவருக்கும் ஒரு கணக்கு இருந்தது.

தனி வீட்டில் முடியாததைக் குழுவாகச் செய்யலாம் என்று நம்ம கூட்டத்தில் பேச்சு வந்தது. மூத்த உறுப்பினர்களிடம் கேட்டு ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு: நெத்திலியும் சென்னாக்கூனியும் சேர்த்து இரண்டு கிலோ, உப்புக் கருவாடு மூன்று கிலோ, புளி மூன்று கிலோ, வடவம் அறுபது உருண்டை, ஏதாவது வற்றல் இரண்டு கிலோ, நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி, கேழ்வரகு பதினைந்து கிலோ. கேழ்வரகுக்குப் பூச்சி சீக்கிரம் வராது, அதனால் அரிசியை முதலில் செலவழித்துவிட்டு அதைக் கடைசிக்கு வைப்பார்கள். கருவாட்டில் சிவப்பாகப் பூத்திருந்தால் எடுக்காதீர்கள். பூச்சி வராமல் இருக்க மருந்து அடித்த கருவாடு கடையில் கலந்து வருகிறது, தெரிந்த கையில் வாங்குங்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்புக் கருவாட்டைத் தண்ணியில் ஊறவைத்து, அந்தத் தண்ணியைக் கொட்டிவிட்டு, அளவாகச் சேர்க்கணும். அவங்களுக்கு உப்பில்லாத நெத்திலியே நல்லது.

புரட்டாசிக்குள் எல்லாம் பானையில் இறங்கிவிட வேண்டும். மழைக்கு நடுவில் ரெண்டு நாள் வெயில் அடித்தால் கருவாட்டை வெளியே எடுத்து உதறிக் காயவைத்து மறுபடி மூட வேண்டும். ஈரக்கையை உள்ளே விடக்கூடாது. அகப்பையும் பானைக்கென்று தனியாக இருக்கணும்.